மீண்டு வந்த அருளானந்தர்

செஞ்சி என்னும் பெயரைச் செவியுற்ற அளவிலே தமிழ் மக்கள் உள்ளத்தில் வந்து நிற்பவன் தேசிங்குராசனே. 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சிறுபடை கொண்டு எதிர்த்து, இளமையிலேயே மடிந்த அவன் கதையைப் பாடாத கூத்தும் இல்லை. கேளாத ஊரும் இல்லை. செஞ்சிச் சீமையிற் பிறந்து வளர்ந்த நாமும் அக்கதையைத் தாலாட்டோடு தாலாட்டாகக் கேட்டவரே. ஆயின், தேசிங்கு அரசு கட்டில் ஏறுதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகட்கு முன்னர், அதே செஞ்சி நாட்டு ஊர்களிற் காவியுடை புனைந்து, கையிற் கோல் ஒன்று பற்றி, வெயிலையும் மழையையும் பொருட்படுத்தாது கால்நடையாகத் திரிந்த மற்றொரு வீரர் உண்டு. அவரைச் செஞ்சியார் பெரிதும் மறந்தனர். அவர் உயிர்நீத்த ஓரியூரும், அதனைச் சூழ்ந்த மறவர் சீமையுமே அவரை இன்றும் நினைந்து போற்றுகின்றன. மேல்நாட்டிற் பிறந்து ஜான் டி பிரிட்டோ எனப் பெயர் பெற்று, தமிழ்நாட்டில் அருளானந்தர் ஆகிய அத்துறவியின் வாழ்வில், ஒரு பகுதியையே ஈண்டு விரித்துரைக்கப் புகுந்தோம். அஃதாவது, அவர் ஒருமுறை தோற்றதும், தோற்ற இடத்திற்கே திரும்பியதுமாகும்.

தோல்வியுற்றோர் எழுதல் வேண்டும் என்பது எல்லாரும் சொல்லும் அறிவுரையே. பரீட்சையில் தவறிய மாணவனுக்கு அவன் உறவினர் ஒருவர் விடாமல் இதனைச் சொல்லிக்கொண்டே இருப்பர். அவன் கேட்டுச் சலித்தும் போவன். ஆயின், எழுவது வேறு. விழுந்த அதே இடத்திற்கு மீண்டும் நடந்து செல்வது வேறு. பவுலடிகள் லீஸ்திரா என்னும் ஊரிற் கல்லெறியுண்டு, இறந்தார் எனக் கருதப்பட்டு, ஊர்ப்புறத்தே இழுத்தெறியப்பட்டார். சீடர் சூழ்ந்து நிற்க, அவர் எழுந்தார். எழுந்தவர் வேறொரு திசை நோக்கி ஓடினார் அல்லர், அவ்வூருக்குள்ளேயே புகுந்தார். மறுநாள் தெர்பைக்குச் சென்று, அங்குப் பணி முடித்தபின், கல்லெறிந்த அவ்வூருக்கே மறுபடியும் வந்தார். அப்போஸ்தலர் நடபடிகளில் இவ்விடம் மிகச் சுருக்கமாகக் கூறப்பட்டிருத்தலின், படிப்போர் பலர் இதனைக் கருதாமலே கடந்துவிடுகின்றனர். அருளானந்தர் வரலாற்றைக் கற்குங்கால் நமக்கு இடையறாது நினைவுக்கு வருவது இந்த லீஸ்திராவே.

லிஸ்பன் மாநகரில், 1647ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 1ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் பிரேசில் நாட்டிற்கு ஆளுநராகச் சென்று ஆங்கே இறந்தார். ஆதலின் தாயார் பிரித்தெஸ் பெரெய்ரா அம்மையே குழந்தைகளை வளர்த்தார். உயர்குடிப் பிள்ளையாதலின் சிறுவர் அரண்மனையில் ஏவலிளைஞருள் ஒருவராக அமர்த்தப்பட்டார். இளவரசர் பேதுருவும் அவரும் ஏறத்தாழ ஒத்த வயதினர். உடன் விளையாடி வளர்ந்தனர். பதினொரு வயதளவில் கொடிய நோய் ஒன்று பற்றி, மருத்துவர் கைவிட்ட நிலையில், அன்னையார் சவேரியாரை நோக்கி நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்தால் ஓராண்டு இயேசு சபையாரின் அங்கியை அணிவிப்பதாக வேண்டினார். மகன் பிழைத்தார். அரண்மனைச் சிறுவர் நடுவே கருப்பங்கி அணிந்து ஓராண்டு திரிந்தார். விளையாட்டுத் தோழர் நகைத்திருப்பர் என்பதில் ஐயமில்லை. அன்னையார் ஓராண்டிற்கென அணிவித்த அவ்வங்கியை மைந்தர் தம் வாழ்நாள் முழுமைக்குமே விரும்புவார் என்று அவ்வம்மையார் எண்ணியிரார். 1662ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், பதினைந்து வயதில், அவர் இயேசு சபையிற் சேர்ந்தார். 1673ஆம் ஆண்டிற் குருப்பட்டம் பெற்று, அவ்வாண்டு வசந்தத்திலேயே இந்தியாவிற்குக் கப்பல் ஏறினார். மகனைத் தடுத்து நிறுத்த அன்னையார் தம்மால் இயன்றன எல்லாம் செய்து பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

கோவாவில் அவரைக் கல்லூரி ஆசிரியராக நிறுத்திக்கொள்ள மேலோர் விரும்பினர். அவரோ மதுரை மிஷனையே நாடினார். 1606ஆம் ஆண்டில் தத்துவபோதகர் எனப் பெயர்பெற்ற ராபர்ட் டி நொபிலி தோற்றுவித்த அம்மிஷன், பொருள் வளம் அற்றது; அரசரின் ஆதரவு உறுதியற்றது; பணியாற்றும் குருமாரோ மிகச் சிலர். 1674ஆம் ஆண்டில் மலையாள நாட்டினின்றும் மலைத்தொடரைக் கடந்து, கால்நடையாகவே அவர் தமிழ்நாடு புகுந்தார். செஞ்சி நாட்டையும் தஞ்சை நாட்டையும் அடுத்த பகுதிகளே அவர் முதலிற் பணிபுரிந்த களம்.

அவர் பண்டாரசாமி கோலம் பூண்டார். நொபிலியார் அந்தணத் துறவியர் போன்று வாழ்ந்து உயர்குலத்தாரை நாடினர். அவ்வாறு வாழ்வோர் ஒடுக்கப்பட்ட மக்களிடம் வெளிப்படையாகப் பழகுதல் அக்கால வழக்கில் இயலாதாயிற்று. ஆகவே 1640ஆம் ஆண்டு முதல் எல்லாக் குலத்தாரையும் அணுகத்தக்க பண்டாரசாமிகள் என்னும் வகையினர் அம்மிஷனில் எழுந்தனர். சாதி வேற்றுமைக்கு இடங்கொடுத்த இவ்வேற்பாடு இற்றை நாள் நம் கண்ணுக்குக் குறையாகவே தோன்றுகின்றது. அதனை மறைத்தல் வேண்டுவதில்லை. ஆயினும், அரண்மனையில் வளர்ந்தவர் அரிசிச்சோறும் கீரையும் காய்களுமே உணவாக, புலால் நீத்து, வெறுந்தரையில் உறங்கி, எளியவருள் எளியவராய் வாழ்ந்தார் என்பதை எண்ணும்போது நம் உள்ளம் வியப்புறுகின்றது.

அந்நாளிற் செஞ்சி எத்தகைய நிலையில் இருந்தது? பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்திலே, பிமெந்தா என்னும் இயேசு சபைக் குருவர் செஞ்சிக்கு வந்து அதன் பெருமையைக் கண்டு வியந்தார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் அதற்கு இணை இல்லையென எழுதியும் வைத்தார். நாயக்கரும் அவரை நன்கு வரவேற்றார். ஆயினும் அம்முதல் முயற்சி செஞ்சியில் நிலைபெறவில்லை. 1649ஆம் ஆண்டிற் பீஜப்பூர்ப் படை கோட்டையைக் கைக்கொண்டது. அருளானந்தர் வந்த மூன்றாம் ஆண்டிலேயே, அஃதாவது 1677இல், சிவாஜி அதனைப் பற்றி, மதில்களைப் புதுக்கி வலிமைப்படுத்தினார். ராஜகிரி மீதேறி நின்று நோக்குவார்க்குக் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும், அவற்றை இணைத்து வளைந்தோடும் மதிலும் இன்றும் அழகாகவே தோன்றும். ஆனால் மதிற்கு வெளியே வயலுழுத குடிகளுக்கு அக்காலம் அழகியதாக இல்லை. ஒரு படை வந்து கொள்ளையிட்டு நீங்கும். அடுத்த படை வந்து எஞ்சியதைக் கேட்கும். போர், பஞ்சம், வெள்ளம் ஆகிய மூன்றும் மாறி மாறி வந்தன. இக்குடிகள் நடுவேதான் அவர் பதினோராண்டுகளுக்கு மேலாக ஊர்ஊராய் நடந்தார். அந்நாளைய போர்களையும் அரசர்களையும் பற்றி அவரும் அவருடைய உடன்பணியாளரும் ஐரோப்பாவிற்கு எழுதிய கடிதங்கள், நாயக்கர் கால வரலாறு எழுதுவோர்க்கு இன்றளவும் சான்றாக உதவுகின்றன.

நிற்க. 1685ஆம் ஆண்டளவில் மதுரை மிஷனின் தலைமை அவரிடம் வந்தது. தலைவரானவர் ஓரிடத்தில் அமர்ந்து பிறரை ஏவியிருக்கலாம். ஆனால் மறவர் நாட்டில் நெடுங்காலமாகக் குருவர் எவரும் தங்கிப் பணிபுரிய இயலாதிருந்தது. அங்குச் சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களை நினைந்து, 1686ஆம் ஆண்டு மே மாதத்தில் தாமே அந்நாட்டிற் புகுந்தார். இரண்டு திங்களுள் இரண்டாயிரத்திற்கு மேற்பட்டார் ஞானஸ்நானம் பெற்றனர். ஜூலைத் திங்களில் சேதுபதியின் அதிகாரியாகிய குமாரப்பிள்ளை அவரையும் அவருடைய உபதேசியார் சிலரையும் பிடித்துக் கட்டினான்.

அவர்கள் பட்ட துன்பங்களை விரித்தெழுத நம் கை நடுங்குகின்றது. நீரில் அமிழ்த்தி அமிழ்த்தி எடுத்தனர். கூர்மையான பாறை மீது, நண்பகல் வெயிலில், ஆடை களைந்து கிடத்தி, மேலேறி மிதித்தனர். இறுதியில் மரண தண்டனையும் விதித்தனர். ஆயின் தண்டனை நிறைவேறு முன்னர், சேதுபதியிடமிருந்து ஆணை வந்தது. இராமநாதபுரத்திற்குக் கொண்டு செல்லப்பட்டார். அப்பொழுது ஆண்ட இரகுநாத கிழவன் சேதுபதி அவரை அருகழைத்து, அவர் போதித்தவை யாவை என வினவிக் கேட்டறிந்தார். கேட்டபின் கொல்லாது விடுத்தார். ஆனால், தம் நாட்டில் இனி அவர் போதித்தல் கூடாது எனக் கட்டளையிட்டார்.

ஈண்டுச் சற்று நின்று சிந்திப்போமாக. உயிர் பிழைத்ததை நாம் வெற்றி என்போம். அவர் அவ்வாறு எண்ணினாரல்லர். ஆண்டவருக்காக உயிரை ஈதல் தமக்குக் கிட்டியதுபோல் தோன்றிக் கைநழுவியதெனவே அவர் வருந்தினார். அதனினும் பெரிய வருத்தம் ஒன்றுண்டு. இரண்டாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் அளித்தவர் அவர்களை விட்டு நீங்கும்படி ஆயிற்று. மேய்ப்பன் அற்ற மந்தையாக அவர்கள் அங்கே நிற்க, மேய்ப்பரோ எல்லைக்கு வெளியே நின்றார். அவர் திரும்பச் செல்லத் துணியுமுன், சபையின் மேலோர் அவரை மதுரை மிஷனின் காரியங்களை எடுத்துரைக்கும் பொருட்டு ஐரோப்பாவிற்கு அனுப்பினர். 1687ஆம் ஆண்டு டிசம்பரிற் கோவாவினின்றும் கப்பலேறி, 1688ஆம் ஆண்டு செப்டம்பரில் லிஸ்பன் சேர்ந்தார். பதினைந்தாண்டுகட்கு முன் இளைஞராய்ப் புறப்பட்டவர், தலையும் உடலும் தளர்ந்து, பாறையிற் கிடந்த வடுக்களோடு தாயகம் மீண்டார்.

இதுவே அவர் வாழ்வில் மிக இடர்ப்பாடான பகுதி என்பது நம் கருத்து. சிறைச்சாலையில் மனவுறுதி காட்டுதல் அரிது. அரண்மனையில் அதனைக் காட்டுதல் அதனினும் அரிது. உடன் விளையாடிய பேதுரு இப்பொழுது போர்த்துக்கல் நாட்டு மன்னர். அவர் தம் பழைய தோழரை அன்புடன் தழுவி, தம்மிடமே இருத்திக்கொள்ள விழைந்தார். தம் மைந்தர்க்கு ஆசிரியராக்கவும் எண்ணினார். முதுமையுற்ற அன்னையாரோ, இனியேனும் போகாதே என்று கண்ணீர் உகுத்தார். போகாமல் இருப்பதற்குத் தக்க காரணங்களும் இருந்தன. உடல் நலிந்திருந்தது, மறவர் நாட்டு வாயிலை அரசாணை அடைத்திருந்தது, லிஸ்பனிலிருந்தே மிஷனுக்குப் பொருளும் ஆளும் திரட்டித் தரலாம். பழி கூறுவார் எவரும் இரார். நம்மைப் போன்றார் இவற்றுள் ஒன்றையே போதிய காரணமாகக் கொண்டு தங்கியிருப்போம்!

அவரோ லிஸ்பனிலும் மதுரை வாழ்க்கையையே வாழ்ந்தார். புலால் உண்டிலர், மெத்தையில் உறங்கிற்றிலர். அரசவையிற் பலர் இதனை வியந்தனர். சிலர் மிகையென்றும் எண்ணியிருத்தல் கூடும். நமக்குத் தோன்றுவது யாதெனின், அவர் அதனைப் பிறர் காணச் செய்தாரல்லர். திரும்புதற்குரிய பாதை தம் உடலுக்கு மறந்து போகாதிருக்கவே செய்தார். சுவையான உணவுக்கு ஓராண்டு பழகிய நாக்கு, பின்னர்க் கீரைச்சோற்றை ஏற்காது என்பதை அவர் அறிந்திருந்தார். 1690ஆம் ஆண்டு ஏப்பிரலில், புதிய தொண்டர் பலரைத் திரட்டிக்கொண்டு மீண்டும் கப்பலேறினார். வழியில் நோய் பரவித் தொண்டருட் சிலர் கடலிலேயே மாண்டனர். நவம்பரில் கோவாவை அடைந்தார்.

அவர் தமிழ்நாடு மீண்ட காலை, செஞ்சி முற்றுகையிடப்பட்டிருந்தது. சிவாஜியின் மைந்தர் இராஜாராம் 1689ஆம் ஆண்டு இறுதியிற் செஞ்சிக் கோட்டையிற் புகலடைந்திருந்தார். அவரைப் பிடிக்க ஔரங்கசீபின் படைத்தலைவன் ஜுல்பிகார்கான் 1690ஆம் ஆண்டிற் கோட்டையை வளைத்தான். 1698ஆம் ஆண்டிலன்றோ கோட்டை வீழ்ந்தது! அதற்குமுன் இராஜாராம் தப்பிச் சென்றுவிட்டார். தாம் இளமையில் நடந்த ஊர்களெல்லாம் பாசறைகளாகியிருந்த அந்நாட்டிலேயே செய்வதற்கு அவருக்குப் பணி எவ்வளவோ இருந்தது. அதனைக் காட்டித் தெற்கே செல்லாதிருந்திருப்பினும் குற்றமில்லை. ஆயின், தெற்கே காத்திருந்தவர்களை அவர் மறந்தாரல்லர். மறவர் நாட்டின் எல்லைக் காடுகளிற் குடில் அமைத்து, இரவில் வருவார்க்குப் போதித்து, இடம் மாற்றி இடம் மாற்றித் தங்கினார். முன்னிலும் பன்மடங்கானோர் அவரிடம் வந்தனர்.

இங்கே ஓர் ஐயம் எழும். சேதுபதி கொல்லாமல் விடுத்தபோது இட்ட கட்டளையை மீறியது அறமோ என வினவுவார் உளர். அவ்வினா எளியதன்று. சேதுபதி அன்று இரக்கம் காட்டினார் என்பது மெய். அவ்விரக்கத்தைப் பெற்றவர் அவர் நாட்டிற்குள் மறைந்து புகுந்தார் என்பதும் மெய். ஆயினும், தாம் ஞானஸ்நானம் அளித்த மக்களுக்கு அவர் பட்ட கடன், அரசாணைக்கு முற்பட்டது. மனிதருக்குக் கீழ்ப்படிவதோ, தேவனுக்குக் கீழ்ப்படிவதோ என்னும் கேள்வி எழுந்தபோது முதல் அப்போஸ்தலர் எவ்விடை பகர்ந்தனரோ அவ்விடையையே அவரும் தம் கால்களாற் பகர்ந்தார். அதற்குரிய விலையைப் பிறர் தலைமீது சுமத்தாது தாமே கொடுக்கவும் ஆயத்தமாயிருந்தார்.

விலை விரைவிலேயே கேட்கப்பட்டது. மறவர் தலைவருள் ஒருவரும், சேதுபதி பீடத்திற்கு உரிமை கூறத்தக்க குடியினருமான தடியத்தேவர் கொடிய நோயுற்றுக் கிடந்தார். உபதேசியார் ஒருவர் சென்று சுவிசேஷ வாசகத்தை ஓதி மன்றாடியபின், நோய் நீங்கியதென்பர். தேவர் ஞானஸ்நானம் வேண்டினார். மனைவியர் பலரை உடைய ஒருவர் அதனைப் பெறுதல் இயலாது என அருளானந்தர் தெளிவாகக் கூறினார். தேவர் ஒருத்தியை மட்டும் நிறுத்திக்கொண்டு ஏனையோரை, வாழ்க்கைக்கு வேண்டியன அளிப்பதாகக் கூறி, விலக்கினார். 1693ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் பலரோடு ஒருங்கே ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்டவருள் இளையவள் சேதுபதியின் நெருங்கிய உறவினள். அவள் அழுதுகொண்டு அரண்மனைக்கு ஓடினாள். அருளானந்தர் வரலாற்றை எழுதுவோர் சிலர் அவளைக் கொடியவளாகவே தீட்டுவர். நாம் அதற்கு உடன்படோம். தான் செய்யாத குற்றத்திற்காக ஒரு நாளில் மனைவி என்னும் நிலை இழந்த பெண் வேறென் செய்வாள்? ஒருவர் பெற்ற நல்வாழ்வில் மற்றொருவர் கண்ணீர் கலந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளுதலே நேர்மை. அவள் துயரோடு அரசியல் அச்சமும் சேர்ந்தது. உரிமை கூறத்தக்க தலைவன் ஒருவன் புதிய சமயத்தாரைத் துணையாகப் பெறுவதைச் சேதுபதி எங்ஙனம் பொறுப்பார்? இரண்டு நாட்களுக்குள், ஜனவரி 8இல், அருளானந்தர் பிடிபட்டார்.

இராமநாதபுரத்துச் சிறையிற் சில நாள் இருந்தார். தலைநகரிற் கொன்றாற் கலகம் விளையும் என அஞ்சியமையால், நாடு கடத்துவதாக வெளிக்குச் சொல்லி, பாம்பாற்றங்கரையில் உள்ள ஓரியூருக்கு, சேதுபதியின் உடன்பிறந்தாராகிய உடையத்தேவரிடம் அவரை அனுப்பினர். அவரைக் கொல்லும்படி மறை ஆணையும் உடன் சென்றது. ஓரியூர்ச் சிறையில் எழுதுகோல் இல்லை, மையும் இல்லை. கரியை நீரிற் குழைத்து, துரும்பு ஒன்றை எழுதுகோலாக்கி, பிப்ரவரி 3ஆம் நாள் உடன்பணியாளர்க்குக் கடைசிக் கடிதம் எழுதினார். தம் மீது சாட்டப்பட்ட குற்றம் நற்பண்பேயாயின் அதற்காகத் துன்புறுதல் மகிழ்ச்சியே என்பது அக்கடிதத்தின் கருத்து. 1686இல் கைநழுவியதெனக் கருதியது இப்பொழுது கையருகே வந்துவிட்டது என்னும் நிறைவு அதில் விளங்குகின்றது. மறுநாள், 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4, சாம்பற் புதன்கிழமை. ஆற்றங்கரை மேட்டில் முழந்தாளிட்டுச் செபித்து, எழுந்து, வாளுக்குத் தலை தாழ்த்தினார். வயது நாற்பத்தாறு நிரம்ப இன்னும் ஒரு திங்கள் குறைவு.

அவர் வெட்டுண்ட மேட்டின் மணல் செந்நிறமானது. அதனை அவர் குருதியின் நிறமாகவே மக்கள் கருதுகின்றனர். கிறிஸ்தவரேயன்றிப் பிற சமயத்தாரும் வந்து அதனை எடுத்துச் செல்கின்றனர். ஒன்பதாம் பத்திநாதர் 1853ஆம் ஆண்டில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1947ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், நம் நாடு விடுதலை எய்துதற்கு இரு திங்களே இருந்தபோது, பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

இந்தியக் கடல் கடந்து அம்மரணச் செய்தி லிஸ்பன் சேர நெடுநாள் ஆயிற்று. பேதுரு மன்னர் அன்னையாரை அரண்மனைக்கு அழைத்தார். வரும்பொழுது துக்க உடை அணிதல் வேண்டா, விழாவிற்குரிய உடையணிந்து வருக எனச் சொல்லியனுப்பினார். மகனை இருமுறை தடுக்க முயன்று இருமுறையும் இயலாத அம்மூதாட்டி, அவ்வாறே விழாக்கோலம் பூண்டு அவைக்குள் வந்தார்.